வாலில் தொடங்கும் விமானம்

சொந்தமாக ஒரு சிறு விமானத்தைக் கட்டிப் பறக்க விரும்பும் அமெரிக்கர் ஒருவர், ஓரிகான் மாநிலத்திலுள்ள வான்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வீட்டு வாசலில் முதன்முதலில் வந்து இறங்குவது எஞ்சினும் அல்ல, இறக்கையும் அல்ல. விமானத்தின் வால்தான் முதலில் வருகிறது. ஒரு பெட்டி நிறைய மெல்லிய அலுமினியத் தகடுகள், வளைத்த விலாச் சட்டங்கள், 'ஸ்பார்' எனப்படும் நீண்ட உத்தரங்கள், காகிதப் பைகளில் எடைபோட்டுக் கட்டிய ரிவெட்டுகள், வரைபடங்கள், ஒரு கையேடு. இறக்கை, உடல், நிறைவு வேலைகள் ஆகியவற்றுக்கான பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்.

ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் என்பவர் 1973ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பெனி இது. இதன் 'ஆர்.வி.' வரிசை விமானங்களில் 11,000க்கும் மேற்பட்டவை, வீட்டுக் கொட்டகைகளில் கட்டப்பட்டு வானில் பறந்திருக்கின்றன. இத்துறையில் இதற்கு இணையான எண்ணிக்கையை எட்டிய கம்பெனி வேறில்லை. ஆகவே வீட்டில் கட்டும் விமானத்தை எடைபோட்டுப் பார்க்க வேண்டுமானால், இந்த வால் பெட்டியையே எடுத்துக்கொள்வது பொருத்தம். இக்கட்டுரையில் அதை ஒரு விற்பனைப் பொருளாகப் பார்க்கவில்லை. ஒரு பாடநூலாகப் பார்க்கிறோம். பாடநூலாகப் பார்ப்பதற்குச் சட்டமே இடம் தருகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின்படி இத்தகைய விமானத்தின் பெரும்பகுதியை அதைக் கட்டுபவர், தமது கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ மட்டுமே, தாமே செய்திருக்க வேண்டும். '51 சதவீத விதி' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது இதுதான். கல்வி என்று சட்டம் சொல்கிறது. அப்படியானால் என்ன கற்பிக்கப்படுகிறது, எவ்வளவு நன்றாகக் கற்பிக்கப்படுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம். வாலை முதலில் அனுப்புவது நல்ல ஏற்பாடு. அது சிறியது, விலை குறைவு, மேசைமேல் வைத்துச் செய்யலாம். விமானம் முழுவதற்கும் வேண்டிய கைவேலைகளில் பெரும்பாலானவை அதிலேயே அடங்கியுள்ளன. இறக்கையையும் உடலையும் பாதி கட்டிய நிலையில் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அப்படி வாங்குகிறவர்கூட வாலைத் தாமேதான் கட்ட வேண்டும். வேலை பிடிக்கவில்லையென்றால் பெரும் பணம் இழக்காமல் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் ஒரு வசதி.

கற்பிக்கும் முறையும் பாராட்டுக்குரியது. இரண்டு இருக்கைகள் கொண்ட ஆர்.வி.-7இல் தொடக்க வேலை, வாலின் கிடைத் துடுப்பிலுள்ள பின் ஸ்பாருக்கு வலுவூட்டும் பட்டைகளின் ஓரங்களை அரத்தால் உருட்டிச் சீராக்குவது. பறக்கும் கனவோடு பெட்டியைத் திறந்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் முழு வேலைக்கும் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. அலுமினியக் கலப்புலோகத்தில் கூரான ஓரமும் கீறலும் விரிசல் பிறக்கும் இடங்கள். ஆகவே ஒவ்வொரு தகட்டின் ஓரமும், ஒவ்வொரு துளையின் வாயும் பிசிறு நீக்கப்பட வேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தவிர்க்க முடியாதது.

பிறகு தகடுகளையும் விலாச் சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, 'கிளீக்கோ' எனும் வில்பிடிப்பான்களைத் துளைகளில் செருகித் தற்காலிகமாக இணைக்கிறார்கள். துளைகளைச் சரியான அளவுக்குத் துளைத்து, எல்லாவற்றையும் மீண்டும் பிரித்து, பிசிறு நீக்கி, துளைகளைக் 'குழித்து', அரிப்புத் தடுப்பு வண்ணம் பூசி, மறுபடியும் பொருத்தி, கடைசியில் ரிவெட் அடிக்கிறார்கள். குழித்தல் என்பது என்ன? விமானத்தின் வெளித்தோலில் ரிவெட்டின் தலை துருத்திக்கொண்டு நின்றால் காற்றின் தடை கூடும். தலை தகட்டோடு தகடாகப் படிய வேண்டும். தடித்த தகடாக இருந்தால் துளையின் வாயைக் கூம்பாகக் குடைந்துவிடலாம். வால் தோலின் தடிப்போ 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரைதான். குடைந்தால் கத்தி முனைபோல் ஓரம்தான் மிஞ்சும். எனவே ஆண், பெண் அச்சுகளுக்கிடையே தகட்டை வைத்து அழுத்தி, துளையைச் சுற்றி 100 பாகைக் கூம்பாகக் குழியச் செய்கிறார்கள். மேல் தகட்டின் குழி கீழ்த் தகட்டின் குழிக்குள் கிண்ணத்துக்குள் கிண்ணம்போல் அமர்ந்துகொள்கிறது. இழுவிசையை ரிவெட் மட்டும் தனியே தாங்காமல் இரு கூம்புகளும் சேர்ந்து தாங்குவதால் இணைப்பும் வலுவாகிறது.

ரிவெட் அடிப்பதில் இரு கைகளும் ஒன்றுபட வேண்டும். ஒருபுறம் காற்றுச் சுத்தியல் ரிவெட்டின் தலையைத் தட்ட, மறுபுறம் கனத்த எஃகுக் கட்டை அதன் காலைத் தாங்கி நிற்கிறது. கால் நசுங்கி இரண்டாவது தலையாகிறது. அதற்கு அளவு உண்டு: அகலம் ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. விட்டம் 2.4 மி.மீ. என்றால் நசுங்கிய தலையின் அகலம் 3.6 மி.மீ., உயரம் 1.2 மி.மீ. இருக்க வேண்டும். குறைவாக நசுங்கினால் பிடிப்பு போதாது. மிகுதியாக நசுங்கினால் உலோகம் களைத்துவிடும். கோணலாக விழுந்ததைத் துளைத்து எடுத்துவிட்டு வேறொன்று அடிக்க வேண்டும்; எடுக்கும்போது துளை பெரிதாகிவிட்டால் நிலைமை முன்னைவிட மோசம். இதையெல்லாம் ஒருவர் வாலில் கற்றுக்கொண்டு இறக்கைக்குப் போவது நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் கட்டுபவர்களிடையே இதிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது: 'வால் என்பது பயிற்சிக்கான பகுதி.' இந்தப் பேச்சைத்தான் நாம் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கைப்பழக்கத்துக்கென்றே சிறு கருவிப்பெட்டி, குட்டி இறக்கைத் துண்டு போன்ற பயிற்சிப் பெட்டிகளை அதே கம்பெனி விற்கிறது. அவை பறக்கப்போவதில்லை. வால் பறக்கப்போகிறது. அதுவும் எப்படிப்பட்ட இடத்தில்?

துலாக்கோலை நினைத்துப் பார்க்கலாம். பிடிகயிற்றுக்கு அருகில் பெரிய பாரம். கோலின் நுனியில் சிறு குண்டு. குண்டைச் சிறிது தள்ளினாலும் கோல் சாய்கிறது. விமானத்தில் பிடிகயிறு இருக்கும் இடத்தில் இறக்கையின் ஏற்றுவிசை இருக்கிறது. நுனியில் வால் இருக்கிறது. விமானத்தின் ஈர்ப்பு மையம் பெரும்பாலும் இறக்கையின் ஏற்றுவிசைக்குச் சற்று முன்னால் அமையும். மூக்கு கீழே சாயாமல் வால் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆர்.வி.-7இன் மொத்த நீளம் சுமார் 6.2 மீட்டர்தான். அவ்வளவு சிறிய விமானத்தின் கடைக்கோடியில் ஒரு கிலோ கூடினால்கூட ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். வாலின் தகடுகள் மெல்லியவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மெல்லியதாக இருப்பதால்தான் அதில் பிழைக்கு இடமும் குறைவு.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் 'ஃபிளட்டர்' என்பார்கள். நாம் படபடப்பு எனலாம். கிடைத் துடுப்பின் பின்னால் 'உயர்த்தி' கீலில் தொங்குகிறது. அதன் எடை முழுதும் கீலுக்குப் பின்னால் இருப்பதாகக் கொள்வோம். ஏதோ ஓர் அதிர்வில் துடுப்பு மேல்நோக்கி வளைகிறது. உயர்த்தியோ தன் சடத்துவத்தால் பின்தங்கி, அதன் பின் விளிம்பு கீழே தொங்கிவிடுகிறது. பின் விளிம்பு தாழ்ந்தால் துடுப்பின்மீது மேல்நோக்கிய விசை கூடும் அல்லவா? ஏற்கெனவே மேலே போகும் துடுப்பை அந்த விசை மேலும் தள்ளுகிறது. திரும்பி வரும்போது இதே கதை தலைகீழாக நடக்கிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல, பாய்ந்து வரும் காற்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆற்றல் ஊட்டுகிறது. வேகம் ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் சில நொடிகளில் வால் பிய்ந்து போகலாம். விமானியால் எதுவும் செய்வதற்கு அந்த நேரம் போதாது.

இதைத் தடுக்க, உயர்த்தியின் ஓரங்களில் கீலுக்கு முன்னால் நீட்டிய கொம்புகளில் ஈயக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். எடை கீலின் இருபுறமும் சமனாகிவிட்டால் உயர்த்தி பின்தங்காது. டச்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பௌம்ஹவரும் கோனிங்கும் ஓர் இறக்கையின் படபடப்பை ஆராய்ந்து 1920களின் தொடக்கத்தில் காட்டிய வழி இது. இன்று வீட்டுக் கொட்டகையில் ஈயக் கட்டியை போல்ட்டில் முடுக்குகிறவர், நூறாண்டு வயதான ஒரு கண்டுபிடிப்பைத்தான் முடுக்குகிறார்.

ஒரு கேள்வி. விமானம் முடிந்தபின் பின் விளிம்பில் இருந்த ஒரு சிறு நெளிவை மறைக்கப் பூச்சு மாவு அப்பி, அதன்மேல் மூன்று கோட்டிங் வண்ணம் அடித்தால் என்னவாகும்? அழகு கூடும், கீலுக்குப் பின்னால் எடையும் கூடும், முன்னர் செய்த சமன் கெடும். காரணம் தெரிந்தவர் வண்ணம் அடித்த பிறகு மறுபடியும் சமன் பார்ப்பார். 'ஈயக் கட்டியைப் பொருத்தவும்' என்ற கட்டளையை மட்டும் நிறைவேற்றியவருக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்பதில்லை.

கையேட்டின்மீது நமக்குள்ள குறை இங்கேதான். அது மோசமான நூல் அல்ல. படங்கள் தெளிவானவை, வரிசை நன்கு யோசிக்கப்பட்டது, ரிவெட், குழித்தல், அரிப்பு முதலியவற்றைப் பற்றிய பொது விளக்கங்கள் தொடக்கத்தில் உள்ளன. ஆனால் அந்த விளக்கங்கள் ஓரிடத்தில் இருக்க, வேலைப் பக்கங்களில் கட்டளைகளே ஆட்சி செய்கின்றன: இதைத் துளை, அதைக் குழி, இங்கே வெட்டு, அங்கே அடி. சுக்கானின் பின் விளிம்பு நேர்கோட்டிலிருந்து ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 2.5 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்ற வரம்பு அதில் உண்டு. சிறந்த வரம்புதான். வளைந்த பின் விளிம்பு சுக்கானை எப்போதும் ஒருபக்கம் திருப்பி வைத்ததுபோல் வேலை செய்யும். விமானி பறக்கும் நேரமெல்லாம் ஒரு காலை அழுத்திக்கொண்டே இருக்க நேரும். அதை அந்த இடத்திலேயே இரண்டு வரியில் சொன்னால், படிப்பவர் 2.5 மி.மீ. என்ற எண்ணை மறந்தாலும் காரணத்தை மறக்கமாட்டார். கையில் அரத்தோடும் துளைப்பானோடும் நிற்கிறவர், நூறு பக்கங்களுக்கு முன்னால் படித்ததைப் புரட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்ததல்ல.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். தொடக்க கால ஆர்.வி.களில் கட்டுபவரே மரச்சட்டம் அமைத்து, அளந்து, கோடிட்டுத் துளைகளைப் போட வேண்டியிருந்தது. பிறகு கம்பெனியே கணிப்பொறியால் இயங்கும் எந்திரத்தில் துளைகளைக் குத்தி அனுப்பத் தொடங்கியது. தகட்டின் துளையும் சட்டத்தின் துளையும் நேராகப் பொருந்திவிட்டால் விமானம் தானாகவே கோணலின்றி அமைகிறது. பல நூறு மணி நேர உழைப்பு மிச்சம், பிழைகளும் குறைவு. இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் துளையைத் தானே போட்டவருக்குத் துளையின்மேல் இருந்த சந்தேகப் பார்வை, தயாராக வந்த துளையைக் கண்டவருக்கு எளிதில் வருவதில்லை. எந்திரம் போட்ட துளை அல்லவா, அதில் என்ன கோளாறு இருக்கப்போகிறது?

கோளாறு இருக்க முடியும் என்பது 2023இல் தெரிந்தது. கொரோனாக் காலத்தில் ஆர்டர்கள் மலைபோல் குவிந்தன. குத்தும் எந்திரங்களால் ஈடுகொடுக்க முடியாமல், லேசர் கதிரால் வெட்டிய பாகங்களைக் கம்பெனி வெளியிலிருந்து வாங்கியது. அந்தத் துளைகள் சிலவற்றைக் குழித்தபோது ஓரத்தில் விரிசல்கள் தோன்றுவதைக் கட்டுபவர்கள் கண்டார்கள்.

இதன் விஞ்ஞானம் பழையது. இழுக்கப்படும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் ஓரத்தில் தகைவு மும்மடங்காகும் என்று ஜெர்மானியரான கிர்ஷ் 1898இலேயே கணக்கிட்டார். ஓரத்தில் ஒரு நுண்ணிய வெட்டு இருந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் இங்கிலிஸ் 1913இல் விளக்கினார். வெட்டின் ஆழத்தை அதன் முனையின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்து, ஒன்றைக் கூட்டினால் தகைவு எத்தனை மடங்காகும் என்பது கிடைக்கும். ஆழமும் ஆரமும் சமமானால் விடை 3. ஆழம் ஆரத்தைப்போல் நூறு மடங்கானால் விடை 21. லேசர் கதிர் வட்டத்தைத் தொடங்கி முடிக்கும் இடத்தில் ஒரு சிறு வெட்டு விழலாம். வெப்பத்தால் ஓரத்து உலோகத்தின் தன்மையும் மாறலாம். அந்த ஓரத்தைத்தான் குழிக்கும் அச்சு நீட்டி இழுக்கிறது. விரிசல் விழுவதில் வியப்பில்லை.

கம்பெனி சோதனைகள் நடத்தியது. எந்தெந்தப் பாகங்களை மாற்ற வேண்டும், எவற்றை அப்படியே பயன்படுத்தலாம் என்று வகைப்படுத்திப் பட்டியலிட்டது. மாற்றுப் பாகங்கள் தர முன்வந்தது. ஆனால் ரிவெட் அடித்து மூடிவிட்ட வாலைத் திறப்பது, தைத்த சட்டையைப் பிரிப்பதுபோல் அல்ல. ஆண்டுக்கணக்கான மாலை நேரங்கள் அதில் அடங்கியிருக்கின்றன. பட்டியலை நம்பி மேலே போவதா, எல்லாவற்றையும் உடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா என்று பலர் திண்டாடினார்கள். 2023 டிசம்பரில் கம்பெனி திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. முன்பே ஆர்டர் கொடுத்தவர்களும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. லேசர் துளை மட்டுமே அதற்குக் காரணமல்ல; ஏறிய செலவுகளும் வேறு தரக் கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. 2024இல் கடன்களைச் சீரமைத்து அது மீண்டது.

கம்பெனியின் நேர்மையைப் பற்றிய தீர்ப்பு நம் வேலையல்ல. கற்பித்தலின் நோக்கில் ஒன்றைச் சொல்லலாம். விரிசலைக் கண்டு சொன்னவர்கள் கட்டுபவர்கள். துளையின் வாயைக் குனிந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள். வாலின் முதல் வாரத்தில் அரத்தோடு பெற்ற அந்தச் சலிப்பான பயிற்சி இங்கே பயன்பட்டது. இந்த வகையில் பாடநூல் வெற்றி பெற்றது என்றே சொல்ல வேண்டும். ஆனால் விரிசல் ஏன் அபாயமானது, எது கவலைக்குரியது, எது அல்ல என்று தாமே எடைபோடும் அறிவை அது தந்திருந்தால், பட்டியல் வந்த நாளில் அத்தனை குழப்பம் இருந்திராது. கட்டியபின் பல ஆண்டுகள் பறக்கும்போதும் இந்த அறிவு தேவைப்படுகிறது. 2014இல் அதே கம்பெனி, பறந்துகொண்டிருந்த சில வகை ஆர்.வி.களின் கிடைத் துடுப்பின் முன் ஸ்பாரில் விரிசல்கள் காணப்படுவதாக அறிவித்து, சோதித்துப் பார்க்கவும் தேவைப்பட்டால் வலுவூட்டவும் சொல்லியது. அப்போது கண்ணாடியும் விளக்குமாக வாலுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கட்டியவர்களே.

அமெரிக்காவில் வீட்டு விமானக்காரர்களுக்கு 1953 முதல் ஒரு சங்கம் உண்டு. அதன் தொண்டர்களான அனுபவசாலிகள் கொட்டகைக்கு வந்து வேலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். கையேடு சொல்லாமல் விட்ட காரணங்களை இவர்கள்தான் வாய்மொழியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இல்லாத ஊரில் கட்டுகிறவர் என்ன செய்வார்? அச்சிட்ட நூலின் கடமை அங்கேதான் தொடங்குகிறது.

வால் வேலையின் இறுதிக் கட்டத்தில் வரும் ஒரு படி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆர்.வி.-7இல் வலது, இடது உயர்த்திகள் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எஃகுக் கொம்பு நடுவில் வந்து நிற்கிறது. இரு உயர்த்திகளையும் ஒரே மட்டத்தில் அசையாமல் கட்டிவைத்து, இரு கொம்புகளையும் ஊடுருவும் துளையைக் கட்டுபவரே போட வேண்டும். விமானியின் கைப்பிடியிலிருந்து வரும் தண்டு அந்த ஒரே போல்ட்டில்தான் மாட்டப்படும். துளை சற்று விலகினால் உயர்த்திகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும்.

1916இல் ஆங்கிலேயரின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் பயங்கரமாக அதிர்ந்தது. அதை ஆராய்ந்த லான்செஸ்டர், அதன் இரு உயர்த்திகளுக்கிடையே உறுதியான இணைப்பு இல்லாமல், ஒன்று மேலே போக மற்றொன்று கீழே போய் எதிரெதிராக ஆடுவதே காரணம் என்று கண்டார். இரண்டையும் ஒரு விறைப்பான குழாயால் இணைக்கச் சொன்னார். வாலின் படபடப்பைப் பற்றிய முதல் ஆராய்ச்சி அதுதான். கொட்டகையில் துளைப்பானோடு நிற்பவர் அந்த எஃகுக் கொம்புகளில் துளை போடும் பக்கத்தில், ஓரமாகச் சிறு எழுத்தில், இந்தக் கதையை நான்கு வரியில் அச்சிட்டால் கையேட்டின் விலை ஒரு சென்ட் கூட ஏறாது.